முகப்புக்கு ஒரு கணக்கு, பின்கட்டுக்கு ஒரு கணக்கு: இயந்திர யுகமும் செட்டிநாட்டு மகிழ்ச்சியும்

கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் முகப்பில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். "அந்தக் காலத்து மனுசங்க நிம்மதியா வாழ்ந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இயந்திரங்கள் வந்து கெடுப்பதற்கு முந்திய ஒரு காலத்தின் மிச்சம் இந்த வீடுகள் என்பது அவர்கள் நினைப்பு. வீட்டை ஒவ்வொரு பொருளாகப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. தூணாக நிற்கும் தேக்கு பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது. மாடியைத் தாங்கும் இரும்பு விட்டம் பிரிட்டிஷ் ஆலையில் உருவானது. நிலைக்கண்ணாடி பெல்ஜியம், பளிங்கு இத்தாலி, அடுப்படி அலமாரியில் அடுக்கிய எனாமல் பாத்திரம் ஐரோப்பா.

இவற்றை வாங்கிய பணமும் நீராவி கொடுத்ததுதான். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கீழ்ப் பர்மா அரிசிக்கு ஐரோப்பா வரை சந்தை விரிந்தது. 1850களில் 10 லட்சம் ஏக்கரை எட்டாத நெல் வயல் 1930 வாக்கில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. காட்டைத் திருத்தவும் மாடு வாங்கவும் அந்தக் குடியானவர்களுக்குக் கடன் கொடுத்ததில் பெரும்பங்கு நகரத்தாருடையது. 1929-30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அங்கே சுமார் 1,650 செட்டியார் வட்டிக் கடைகள் இருந்தன.

ஆகவே தொழிற்புரட்சிக்குப் பிந்தைய தொழில்நுட்பம் மனிதரை மகிழ்ச்சியாக்கியதா என்ற கேள்வியை விசாரிக்கச் செட்டிநாடு தோதான இடம். முகப்புக்குப் போன தொழில்நுட்பம் மகிழ்ச்சிக்கு ஒரு மாதிரி வேலை செய்தது. அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் போனது வேறு மாதிரி வேலை செய்தது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுப்பதால்தான் இந்த விவாதம் முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போகிறது.

ஏணியில் எத்தனையாவது படி?

மகிழ்ச்சியை அளக்க இன்று அதிகம் பயன்படும் கருவி ஓர் ஏணி. அமெரிக்க உளவியலாளர் ஹாட்லி கான்ட்ரில் 1960களில் பரப்பிய முறை அது. அடியில் 0, உச்சியில் 10. உச்சிப் படி உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை, அடிப்படி மிக மோசமான வாழ்க்கை. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? கேள்வி அவ்வளவுதான். 2012 முதல் வெளியாகும் உலக மகிழ்ச்சி அறிக்கை ஒரு நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 1,000 பேரிடம் இதைக் கேட்டு, மூன்றாண்டுச் சராசரியை வரிசைப்படுத்துகிறது. 2018 முதல் பின்லாந்து முதலிடத்தில் இருக்கிறது. 2025 பட்டியலில் 147 நாடுகளில் இந்தியா 118.

இந்த ஏணியில் மூன்று கோளாறுகள் உண்டு. முந்தைய கேள்வி பதிலைச் சாய்க்கும்: அரசியல் பற்றி முதலில் கேட்டுவிட்டு ஏணியை நீட்டினால் ஆட்கள் சராசரியாக அரைப் படிக்கு மேல் கீழே இறங்கிவிடுகிறார்கள் என்பதைப் பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் அமெரிக்கத் தரவில் காட்டினார். இரண்டாவது, ஏணிக்கு உச்சி உண்டு, வருமானத்துக்குக் கிடையாது. வருமானம் பத்து மடங்கு ஆகலாம். 4இல் நிற்பவர் 40க்குப் போக முடியாது. மூன்றாவதுதான் பெரிய கோளாறு. உச்சிப் படி எது என்பதைப் பதில் சொல்பவரே தீர்மானிக்கிறார். சைக்கிளும் ரேடியோவும் உச்சியாக இருந்த தலைமுறையும், அமெரிக்கக் குடியுரிமை உச்சியாக இருக்கும் தலைமுறையும் ஒரே ஏணியில் ஏறவில்லை. நூறாண்டு இடைவெளியில் 'அப்போது 6, இப்போது 5' என்று ஒப்பிட அடிப்படையே இல்லை. அப்படி ஒப்பிட்டு யாராவது வரைபடம் காட்டினால் நம்பத் தேவையில்லை. 1900இல் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

கிடைத்திருக்கும் கணக்கு இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. அதை வைத்து 1974இல் பொருளியலாளர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் ஒரு புதிரை முன்வைத்தார். ஒரு நாட்டுக்குள் பணக்காரர் ஏழையைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார். ஆனால் நாடு மொத்தமும் பணக்கார நாடாகும்போது மொத்த மகிழ்ச்சி ஏறக் காணோம். அமெரிக்காவில் 1972 முதல் நடக்கும் பொதுச் சமூகக் கணக்கெடுப்பில் 'மிக மகிழ்ச்சி' என்று சொன்னவர்கள் பல பத்தாண்டுகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவே நின்றார்கள். 2008இல் பெட்சி ஸ்டீவன்சனும் ஜஸ்டின் வுல்பர்ஸும் கூடுதல் நாடுகளின் தரவோடு மறுத்தார்கள்: பணக்கார நாடுகள் ஏணியில் தெளிவாக மேலே நிற்கின்றன, உச்சவரம்பு என்று ஒன்று தென்படவில்லை. சீனா இந்த மறுப்புக்குச் சங்கடம் கொடுக்கிறது. 1990க்கும் 2010க்கும் இடையே அங்கே தலைக்கு வருமானம் நான்கு மடங்குக்கு மேல் ஏறியது. வாழ்க்கைத் திருப்தியோ முதலில் சரிந்து பிறகுதான் கொஞ்சம் மீண்டது. வேலை உத்தரவாதமும் அரசு மருத்துவமும் பறிபோன ஆண்டுகள் அவை.

முகப்பு

பெரிய வீடுகளில் பல ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும். முகப்பு, வளவு (அறைகள் சூழ்ந்த முற்றம்), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வரிசை. பணத்தில் கணிசமான பகுதி முதல் முப்பதடிக்குள்ளேயே செலவாகியிருக்கும். உயர்ந்த அடித்தளம், பளிங்குத் திண்ணை, சுதையில் கஜலட்சுமி, இருபுறமும் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாய். இப்படி ஒரு முகப்பின் மதிப்பு எதிர்வீட்டு முகப்பைப் பொறுத்தது. எதிர்வீட்டுக்காரர் அடுத்த பயணத்தில் இன்னும் இரண்டு படி உயர்த்திக் கட்டினால், நம் வீட்டில் ஒரு செங்கலும் உதிராமலே மதிப்பு இறங்கிவிடும்.

கல்யாணத்தில் சாமான் பரப்பும் வழக்கமும் இதே சாதி. பித்தளை, வெள்ளி, எனாமல், பிறகு எவர்சில்வர், அதன் பிறகு மின்சாதனங்கள் என்று ஒவ்வொரு தொழில்நுட்பமும் சீர் வரிசையில் வந்து உட்கார்ந்தது. ஒரே அளவில் பன்னிரண்டு தூக்குகளை வைத்து எந்த வீட்டிலும் சமைத்ததில்லை. ஆனால் ஒரு வீட்டில் பன்னிரண்டு வைத்தால் அடுத்த வீட்டில் பத்து வைக்க முடியாது. எல்லாரும் கூடுதலாகச் செலவழித்து, வரிசையில் எல்லாரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

இந்த விளைவை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மேற்குக் கென்யாவில் ஒரு தொண்டு நிறுவனம் சில குடும்பங்களுக்கு மட்டும் ரொக்கமாகப் பணம் கொடுத்தது. அந்தப் பணத்தில் பலர் கூரைப்புல்லை எடுத்துவிட்டுத் தகரம் போட்டார்கள். பணம் கிடைக்காத அண்டை வீட்டாரின் வாழ்க்கைத் திருப்தி இறங்கியது. அவர்கள் வருமானம் குறையவில்லை. பக்கத்துக் கூரைதான் பளபளத்தது.

முகப்புச் சுகத்துக்கு இன்னொரு எதிரி பழக்கம். 1978இல் பிலிப் பிரிக்மனும் உடன் ஆய்ந்தவர்களும் லாட்டரியில் பெரும்பரிசு விழுந்த 22 பேரைப் பரிசு விழாதவர்களோடு ஒப்பிட்டபோது, இரு தரப்புக்கும் மகிழ்ச்சியில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. அன்றாடச் சின்ன இன்பங்களில் பரிசுக்காரர்களுக்குச் சுவை குறைந்துகூடப் போயிருந்தது. ஆய்வு சிறியது, அதை மட்டும் நம்பி மாளிகை கட்டக் கூடாது; ஆனால் பின்னால் வந்த சில பெரிய ஆய்வுகளிலும் பழக்கம் என்ற விஷயம் தென்பட்டது. பளிங்கு பளபளப்பாகத் தெரிவது முதல் வருஷம்தான்.

இந்த முகப்புக்கான விலையையும் எழுத வேண்டும். பர்மாக் கடைக்குப் போகிற மேலாளும் (கடைப் பொறுப்பாளர்) அடுத்தாளும் (அவருக்கு அடுத்தவர்) பெட்டியடிப் பையனும் வழக்கமாக மூன்று வருஷக் கணக்குக்குப் போனார்கள். மனைவி ஊரில். தந்தையின் முகத்தை மூன்று வயதில் முதன்முதலாகப் பார்த்த குழந்தைகள் அந்த ஏற்பாட்டின் இயல்பான விளைவு. கடலுக்கு அப்பாலும் விலை இருந்தது. 1930களின் தொடக்கத்தில் உலக மந்தத்தில் நெல் விலை அடிமட்டத்துக்குப் போனபோது, கடனைத் திருப்ப முடியாத பர்மியக் குடியானவர்களின் நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930இல் சுமார் 6 விழுக்காடு. 1930களின் இறுதியில் 25 விழுக்காடு. நிலத்தை எடுத்தவர்களுக்கும் அது சுகமாக இல்லை. அவர்களுக்கு வேண்டியது வட்டி; விற்க முடியாத வயல் அல்ல. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான், மணிப்பூர் மலைகள் வழியே நடந்தார்கள், ஆயிரக்கணக்கில் வழியிலேயே செத்தார்கள். 1948இல் பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. வீடு கட்டிய நீராவி, விமானமும் குண்டுமாகத் திரும்பி வந்து அந்த வருமானத்தின் வேரை அறுத்தது.

அந்தப் பணத்தில் முகப்புக்குப் போகாத பகுதியும் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் திறந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் பக்கத்தில் இன்னொரு கல்லூரி கட்டினால் நம் கல்லூரியின் பயன் குறைவதில்லை.

தரை, தண்ணீர், அடுப்பு

இப்போது பின்கட்டுக்குப் போவோம். முதலில் தரை.

ஆத்தங்குடிக் கல்லைப் பாரம்பரியக் கைவினை என்கிறோம், சரிதான். ஆனால் அதன் மூலப்பொருள்களான சிமெண்ட், தட்டைக் கண்ணாடி, ஆக்சைடு நிறம் மூன்றும் தொழிற்சாலைச் சரக்கு. உள்ளூர்ச் சரக்கு மணலும் கையும். 8 அல்லது 10 அங்குலச் சதுரக் கண்ணாடியைத் துடைத்து, மேலே இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வேலைப்பாட்டு அச்சை இறக்குகிறார்கள். நிறம் கலந்த சிமெண்ட் கூழை ஒவ்வொரு அறைக்கும் கரண்டியால் ஊற்றி, அச்சை ஆடாமல் தூக்கிவிடுகிறார்கள். மேலே காய்ந்த சிமெண்ட்-மணல் கலவையைத் தூவினால் அது கூழில் மிகுந்த தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதன்மேல் ஈரக் காரையை வைத்து மட்டம் தட்டி, இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறவைத்து, பிறகு உலர்த்தி எடுத்தால் கண்ணாடி கழன்றுவிடும். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகமாகியிருக்கும். சூளை கிடையாது.

கூழ் நீர்த்துப்போனால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடும். தூவும் கலவை போதாவிட்டால் முகத்தில் திட்டு விழும். பதித்த பிறகு ஆசிட் ஊற்றிக் கழுவினால் தீர்ந்தது. சிமெண்ட்டை அமிலம் அரிக்கும், நிறம் அந்த மெல்லிய மேல்தோலில்தான் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தொட்ட துணியும் வெறுங்காலும் போதும், வருஷம் ஆக ஆக மெருகேறும்.

இந்தத் தரைக்கு இரண்டு பயன். பூ வேலைப்பாடு முகப்புக் கணக்கு. மண் தரைக்குப் பதில் சிமெண்ட் தரை என்பது பின்கட்டுக் கணக்கு. இரண்டாவதைத் தனியே அளந்த ஆய்வு மெக்சிகோவில் இருக்கிறது. 2000த்தில் கோவாவிலா மாநிலம் ஏழை வீடுகளின் மண் தரைக்கு, வீட்டுக்கு 50 சதுர மீட்டர் வரை, சுமார் 150 டாலர் மதிப்பில் சிமெண்ட் போட்டுக் கொடுத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், வேறு மாநிலத்தில் இருந்த அதே மாதிரி வீடுகளோடு ஒப்பிட்டு 2009இல் முடிவை வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வயிற்றுப் பூச்சியும் பேதியும் சோகையும் குறைந்தன. அறிவு வளர்ச்சித் தேர்வில் முன்னேற்றம். தாய்மார்களின் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்து, வாழ்க்கைத் திருப்தி ஏறியது. காரணம் மர்மமில்லை: தவழும் குழந்தை மண்ணில் கை வைத்து வாயில் வைக்காது, தாய் ராத்திரியில் பேதிப் பிள்ளையோடு விழித்திருக்கவேண்டாம்.

தண்ணீர்க் கணக்கு இதைவிடத் தெளிவு. ஊரகக் குழாய்த் திட்டத்தின் இலக்கு ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். ஐந்து பேர் வீட்டுக்கு 275 லிட்டர். அதை 15 லிட்டர் குடத்தில் ஊருணியிலிருந்து சுமந்தால் 18, 19 நடை. நடைக்குப் பத்து நிமிஷம் என்றாலும் மூன்று மணி நேரம். சுமந்தது பெரும்பாலும் பெண்கள். மொராக்கோவின் டாஞ்சியர் நகரில், பொதுக்குழாயில் பிடித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு வட்டியில்லாக் கடனில் வீட்டுக்குழாய் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012இல் வந்தது. பொருளியலாளர் எஸ்தர் டுப்லோ அதை நடத்தியவர்களில் ஒருவர். வருமானம் ஏறவில்லை. உடல்நலமும் மாறவில்லை, ஏனென்றால் பொதுக்குழாய்த் தண்ணீரே சுத்தமாகத்தான் இருந்தது. மாறியது மிச்சமான நேரம், அக்கம்பக்கத்துச் சண்டை, வாழ்க்கைத் திருப்தி. மிச்ச நேரத்தில் கூடுதலாகச் சம்பாதிக்கவில்லை. உட்கார்ந்தார்கள், பேசினார்கள், உறவுக்காரர் வீட்டுக்குப் போனார்கள். பொருளாதாரக் கணக்கில் பூஜ்யம், மகிழ்ச்சிக் கணக்கில் லாபம். பழக்கம் இந்தச் சுகத்தை அவ்வளவு எளிதில் தின்பதில்லை என்பது எங்கள் கணிப்பு. குழாய் கொடுப்பது பளபளப்பை அல்ல, தினமும் புதிதாகக் கிடைக்கும் மூன்று மணி நேரத்தை.

குழாய் கெடும் விதமும் உண்டு. தெருக்குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடு ஒன்று இருந்தால் போதும். குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே வெளிச் சாக்கடை உள்ளே இழுபடும். கடைக்கோடித் தெருவுக்குக் காற்றுதான் வரும். குழாய் வந்த தெம்பில் ஊருணியின் வரத்துக்காலை (தண்ணீர் வந்து சேரும் வாய்க்காலை) யாரும் தூர்வாருவதில்லை. வரத்துக்கால் அடைந்தால் ஊருணி நிறையாது, ஊருணி நிறையாவிட்டால் கிணறு இறங்கும், பிறகு குழாய்க்கே தண்ணீர் தேட வேண்டும்.

அடுப்படியில் லாபமும் தில்லுமுல்லும் சேர்ந்தே இருக்கின்றன. விறகுப் புகை போனது கலப்பற்ற லாபம். கிரைண்டர் கொஞ்சம் சிக்கலானது. 1950களில் கோயம்புத்தூரில் பிறந்த இந்த இயந்திரம் ஆட்டுக்கல்லில் ஒரு மணி நேரம் குனிந்து ஆட்டும் வேலையை எடுத்துக்கொண்டது. ஆனால் தீபாவளிக்கும் அமாவாசைக்கும் மட்டும் அரைத்த இட்லி மாவு, கிரைண்டர் வந்ததும் வாரத்துக்கு இரண்டு முறை என்றானது. அமெரிக்க வரலாற்றாய்வாளர் ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் துணி துவைக்கும் இயந்திரம் பற்றி இதையே சொன்னார்: வேலை எளிதானதும் வேலையின் தரமும் அளவும் ஏறி, மிச்சமான நேரத்தை விழுங்கிவிடும். 2030க்குள் வாரத்துக்கு 15 மணி நேரம் உழைத்தால் போதும் என்று 1930இல் பொருளியலாளர் கெயின்ஸ் போட்ட கணக்கு பொய்த்ததற்கும் இது ஒரு காரணம்.

இயந்திரத்துக்குத் தெரியாத நுணுக்கமும் உண்டு. வெள்ளைப் பணியாரத்துக்கு ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே கோபுரமாக உளுந்தைக் குவித்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்து அரைக்க வேண்டும். மிக்சியில் விடாமல் ஓட்டினால் மாவு சூடேறிப் பணியாரம் விறைக்கும். சூட்டுக்குப் பயந்து தண்ணீரை அதிகம் விட்டால் எண்ணெய் குடிக்கும். கிரைண்டரில் குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரைப்பவர்கள் தப்பிக்கிறார்கள்.

ஏணி கேட்காத கேள்வி

மகிழ்ச்சி ஏணியை நீட்டுவது உயிரோடு இருப்பவர்களிடம். இதில் ஒரு பெரிய கணக்கு விட்டுப்போகிறது. 1911-21 பத்தாண்டில், பிளேக்கும் இன்புளுயன்சாவும் சேர்ந்து, இந்தியரின் சராசரி ஆயுள் 20ஐ ஒட்டி இருந்தது. 1941-51இல் 32. இப்போது சுமார் 70. தமிழ்நாட்டில் 1971இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020இல் அது 13. அப்பத்தாக்களும் ஆயாக்களும் 'பெத்தது ஒன்பது, நின்னது அஞ்சு' என்று சாதாரணமாகச் சொன்ன கணக்கு இது. இன்று காலையில் எழுந்து 'என் பிள்ளையைப் பெரியம்மை கொண்டுபோகவில்லை' என்று யாரும் மகிழ்வதில்லை. 1975க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் அது வரவில்லை என்பதால் மகிழ நினைவே இல்லை. வராத துக்கம் எந்தப் படியிலும் பதிவாகாது.

டச்சு சமூகவியலாளர் ரூட் வேன்ஹோவன் இதற்கு ஒரு வழி சொன்னார்: மகிழ்ச்சி அளவை ஆயுளால் பெருக்கு. ஒரு கற்பனைக் கணக்கு. அந்தக் காலத்தவர் நிம்மதியாகவே இருந்தார்கள், 10க்கு 6 என்றே வைப்போம்; ஆயுள் 25. 0.6ஐ 25ஆல் பெருக்கினால் 15 ஆண்டு. இன்றையவர் புலம்பிக்கொண்டே 4 என்கிறார், ஆயுள் 70. வருவது 28 ஆண்டு.

இந்த லாபத்தில் பெரும்பகுதி விலையுயர்ந்த தொழில்நுட்பத்தால் வந்ததல்ல. 1971 வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் காலராவுக்குச் சிரைவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய்வழியே கொடுத்தார். முகாமில் 30 விழுக்காடு வரை போன இறப்பு 4 விழுக்காட்டுக்குக் கீழே வந்தது. அளவு: காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய தேக்கரண்டியில் 6 சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரை இருந்தால்தான் குடல் உப்பை உள்ளே இழுக்கும், உப்போடு தண்ணீர் போகும். சர்க்கரை கூடினால் பேதி அதிகமாகும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. கடையில் விற்கும் பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல்.

தொழில்நுட்பம் தானாகவே இதைக் கொண்டுவந்துவிடாது என்பதற்கு இங்கிலாந்தே சாட்சி. 1842இல் எட்வின் சாட்விக் கொடுத்த அறிக்கையில் மான்செஸ்டர் கூலித் தொழிலாளர் குடும்பங்களில் இறப்பின் சராசரி வயது 17. ஆலையில்லாத ரட்லண்ட் கிராமப்புறத்தில் அதே வர்க்கத்துக்கு 38. நீராவி வந்து இரண்டு தலைமுறை ஆன பிறகும் நிலை அது. மாறியது சாக்கடையும் குடிநீரும் தொழிலாளர் சட்டமும் வந்த பிறகு.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. குழந்தை இறப்பில் நாட்டுச் சராசரியின் பாதிக்கும் கீழே வந்த இதே மாநிலத்தில், 2022இல் லட்சம் பேருக்குத் தற்கொலை 25.9, நாட்டுச் சராசரி 12.4. தெற்கே பதிவு ஒழுங்காக நடப்பது வித்தியாசத்தில் ஒரு பகுதியை விளக்கும், முழுவதையும் அல்ல. உடலைக் காப்பாற்றும் தொழில்நுட்பம் கடனையும் அவமானத்தையும் தனிமையையும் தொடுவதில்லை.

கைப்பேசி இரண்டு கட்டிலும் இருக்கிறது

ரங்கூன் கடிதத்துக்கு வாரக்கணக்கில் காத்திருந்த ஊரில் இன்று பேரன் டல்லாஸிலிருந்து முகம் காட்டுகிறான். பிள்ளையார் நோன்பன்று 21 இழை எடுப்பதை வெளிநாட்டில் இருப்பவர்கள் திரையில் சேர்ந்து பார்க்கிறார்கள். இது பின்கட்டு. அதே கருவியில் பங்காளி வாங்கிய காரும், அவர் மகள் கல்யாணத்துச் சாமான் பரப்பலும் தினமும் வந்து விழுகின்றன. முன்பு முகப்பைப் பார்க்கத் தெருவுக்குப் போக வேண்டும். இப்போது படுக்கைக்கே வருகிறது. 2018இல் அமெரிக்காவில் சிலருக்குப் பணம் கொடுத்து நான்கு வாரம் பேஸ்புக்கை நிறுத்தச் சொன்னார்கள். நாளைக்கு ஒரு மணி நேரம் மிச்சம், மனநலத்தில் சின்ன முன்னேற்றம், நாட்டு நடப்பு பற்றிய அறிவில் சின்ன இறக்கம். விளைவு சிறியதுதான், கைப்பேசியே மனதைக் கெடுத்தது என்று கூச்சலிடுபவர்கள் இந்த எண்ணின் அளவைச் சொல்வதில்லை.

இப்போது பணம் எங்கே போக வேண்டும்

உலக மகிழ்ச்சி அறிக்கை நாடுகளுக்கிடையேயான வித்தியாசத்தை விளக்கப் பயன்படுத்தும் ஆறு காரணிகளில் ஒன்று: இக்கட்டு வந்தால் நம்பிக் கூப்பிட ஓர் ஆள் உண்டா? செட்டிநாட்டுப் பெரிய வீடு இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருந்தது. கல்யாணமான மகனுக்கு வளவில் ஓர் அறை கொடுத்து, கொஞ்ச நாளில் வேறு வைத்துவிடுவார்கள். தனி அடுப்பு, தனிக் கணக்கு, ஒரே கூரை. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் ஒரு வளவு தூரம். கூப்பிட்டால் கேட்கும் தூரமும் அதுதான். இன்று அடுப்புகள் அணைந்து, எண்பது வயது ஆச்சி ஒருவரும் ஒரு வேலையாளும் மட்டும் இருக்கும் வீடுகள் பல. மற்றப் பங்காளிகள் படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் வருகிறார்கள். முகப்புக்கு வெள்ளையடிக்கப் பணம் சுலபமாக வந்துவிடுகிறது. பின்கட்டில் கழிப்பறை கட்டக் கையெழுத்து வாங்குவதுதான் பாடு.

அந்த ஆச்சியின் அன்றாடத்தை மாற்றும் தொழில்நுட்பம் விலை குறைந்தது. பழைய கழிப்பறை மூன்றாம் கட்டுக்கு அப்பால், இருட்டில் பல நிலைப்படிகளைத் தாண்டிப் போகும் தூரத்தில் இருக்கும். முதியவர்கள் விழுவது அந்த நடையில்தான். படுக்கும் அறையை ஒட்டி உட்கார்ந்தெழும் கழிப்பறை, சுவரில் கைப்பிடி, போகிற வழியெல்லாம் இரு முனையிலும் போட்டு அணைக்கும் சுவிட்ச். 14.2 கிலோ வாயு நிரம்பிய சிலிண்டர் இரும்போடு 30 கிலோ கனக்கும்; 5 கிலோ சிலிண்டர் கேட்டால் கிடைக்கும்.

கட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய சுவர் சுண்ணாம்புக் காரை. உள்ளே ஏறும் ஈரம் காரை வழியே ஆவியாகி வெளியேறிவிடும். அதை வெட்டிக் குழாய் புதைத்துச் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சில மழைக்காலத்தில் உப்புப் பூத்துக் காரை பெயரும். நிலையின் அடிக்கட்டை உளுக்கும். ஆகவே குழாயைச் சுவரின் வெளிப்புறத்தில் கவ்வி போட்டு ஓட்டுவது மேல். குளியலறையைப் பழைய சுவரில் சேர்க்காமல், இரண்டாம் கட்டின் திறந்த ஓரத்தில் தனிச் சுவரோடு நிறுத்தலாம். கழிவுக் குழாய் நாலு அங்குலம், அடிக்குக் கால் அங்குலம் வாட்டம். அதை வளவின் மழைநீர்க் காலில் (வாய்க்காலில்) மட்டும் சேர்த்துவிடக் கூடாது. பல வீடுகளில் அந்தக் கால் போய்ச் சேரும் இடம் கிணறு.